மால்வர்ன் அருங்காட்சியகம்: வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தில் வூஸ்டர் பக்கம் குடியிருக்கிறேன். கோடை வந்தால் ஊரிலிருந்து அப்பா அம்மாக்கள் வருவார்கள், லண்டனிலிருந்தும் பர்மிங்ஹாமிலிருந்தும் நண்பர்கள் வருவார்கள். எல்லாரையும் கிரேட் மால்வர்னுக்கு அனுப்பி வைப்பது என் வழக்கம். போகுமுன் போனில் அவர்கள் கேட்பதும், போய் வந்த பிறகு சாப்பாட்டு மேசையில் கேட்பதும் வருடாவருடம் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

மால்வர்ன் எங்க இருக்கு? எப்படிப் போறது?

இங்கிலாந்தின் மேற்குப் பக்கம், வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஒரு மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இருக்கிறது கிரேட் மால்வர்ன். பர்மிங்ஹாம் நியூ ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். லண்டன் பேடிங்டனிலிருந்து இரண்டரை மணி நேரம். வூஸ்டரிலிருந்து கால் மணி நேரம்தான்.

ஸ்டேஷன் தாழ்வில் இருக்கிறது, ஊரின் நடுப்பகுதி மேலே. சாலை நல்ல ஏற்றம். மெதுவாக நடந்தால் கால் மணி நேரத்தில் அபே ரோட்டில் பழைய கல் நுழைவாயில் ஒன்று தெரியும். அதுதான் அருங்காட்சியகம். கட்டடத்துக்குப் பக்கத்தில் என்று நினைத்துத் தேடாதீர்கள். அந்த வாயிற்கட்டடத்துக்கு உள்ளேதான்.

பாத் நகரத்துல ரோமன் குளியல் பாத்துட்டோம். இதுவும் அதே மாதிரிதானே?

இல்லை. பாத் ஊற்று ஏறக்குறைய 46 டிகிரிச் சூட்டில், கனிமங்கள் கரைந்து வருகிறது. ரோமானியர் கட்டிய குளம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, டிக்கெட் விலையும் அதற்கேற்ப. மால்வர்ன் ஊற்று குளிர்ந்த நீர். அதில் சொல்லிக்கொள்ளும்படி எந்தக் கனிமமும் இல்லை. மால்வர்ன் மலை ஏறத்தாழ 68 கோடி ஆண்டு பழமையான கெட்டிப் பாறை. மழைநீர் அதன் வெடிப்புகள் வழியே இறங்கும்போது கரைத்துக்கொள்ள அதிகம் எதுவும் கிடைப்பதில்லை.

1756-இல் ஜான் வால் என்ற மருத்துவர் இந்தத் தண்ணீரைச் சோதித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். வூஸ்டர் பீங்கான் தொழிற்சாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவர்தான். மால்வர்ன் நீரின் பெருமையே அதில் ஒன்றுமில்லாததுதான் என்று டாக்டர் வால் கண்டுபிடித்ததாக ஊரில் ஒரு கேலிப்பாட்டு உண்டு. கேலி கேலிதான், ஆனால் ஊர் அதை வைத்தே பிழைத்தது. பக்கத்து ஊரான டிராய்ட்விச்சில் கிடைப்பது கடலைவிடப் பத்து மடங்கு உப்பு நீர். அதுவும் நீராட்டு ஊராகத்தான் பேர் வாங்கியது. நீரின் குணத்தை மட்டும் வைத்து ஓர் ஊரின் பேரைக் கணக்கிட முடியாது என்பதற்கு இந்த இரண்டு ஊர்களே போதும்.

அப்போ குளிக்க முடியாதா? குற்றாலம் மாதிரின்னு சொன்னாங்களே, துண்டு எடுத்துட்டு வரவா?

துண்டு வேண்டாம். அருவி இல்லை, பொதுக் குளம் இல்லை. குற்றாலத்துத் தண்ணீர் மூலிகை பட்டு வருகிறது என்று நாம் பெருமை பேசுகிறோம். இங்கே எதுவும் படாமல் வருகிறது என்பது பெருமை. சுவரில் பதித்த குழாய் வழியாகவோ சிறு தொட்டியிலோ வந்து விழும் ஊற்றுகள் மலை முழுக்க இருக்கின்றன. கை நனைக்கலாம், முகம் கழுவலாம். குடிப்பது பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அக்கா, உள்ளுக்க என்ன இருக்கு? எவ்வளவு நேரம் எடுக்கும்?

முதலில் கட்டடம். இங்கே 1085 வாக்கில் தொடங்கிய பெனடிக்டின் துறவிகளின் மடம் ஒன்று இருந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இதுவும் போயிற்று. மிஞ்சியவை இரண்டு: மடத்தின் தேவாலயமும் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய இந்த நுழைவாயிலும். தேவாலயத்தை ஊர் மக்களே 1541-இல் 20 பவுண்டுக்கு வாங்கிக் காப்பாற்றினார்கள். நுழைவாயில் பல கைகள் மாறி, பக்கத்து ஓட்டலின் உடைமையாக இருந்து, 1980-இல் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக வந்தது. உள்ளூர்ச் சங்கம் ஒன்று அதை நடத்துகிறது. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள்.

காலவரிசைப்படி அறை அறையாகப் போகலாம்: மலையின் பாறைகள், மடம், நீர்வைத்தியம், விக்டோரியா காலத்து ஊர், 20-ஆம் நூற்றாண்டின் கார்களும் ரேடாரும். வேகமாகப் பார்க்கிறவர்களுக்கு அரை மணி, எழுதியிருப்பதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு மணி. நேரம் குறைவென்றால் நீர்வைத்தியப் பகுதியில் நில்லுங்கள். மற்றவற்றை வேறு ஊர்களிலும் ஏதாவது ஒரு வடிவில் பார்த்துவிடலாம்.

எப்பவும் திறந்திருக்குமா? டிக்கெட் எவ்வளவு?

வசந்த காலத்திலிருந்து அக்டோபர் வரைதான். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறவர்கள் இந்த எண்ணத்தை விட்டுவிடலாம். தன்னார்வலர்கள் நடத்தும் இடம் என்பதால் கிழமையும் நேரமும் வருடத்துக்கு வருடம் மாறும். கிளம்புவதற்கு முன் அவர்களுடைய இணையப் பக்கத்தை ஒரு தடவை பாருங்கள். கட்டணம் சிறு தொகைதான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. சமாளிப்பாங்களா?

சிரமம். காட்சி அறைகள் வாயில் வளைவுக்கு மேலே இருக்கின்றன. பழைய கட்டடத்துப் படிக்கட்டு, லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலி மேலே போகாது. பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறுகிறவர்கள் ஏறிவிடுகிறார்கள்.

ஏற முடியாதவர்களைக் கீழே காக்க வைக்காதீர்கள். சில நிமிட நடையில் மடத்துத் தேவாலயம். உள்ளே சமதளம். 15-ஆம் நூற்றாண்டின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும், அதே காலத்து மண் ஓடுகள் ஆயிரத்துக்கு மேலும் அங்கே உண்டு. என்னைக் கேட்டால் அழகில் தேவாலயம்தான் ஒரு படி மேல். ஊரின் கதைக்கு அருங்காட்சியகம். ஸ்டேஷனிலிருந்து ஏறும் சாலைக்கும் சேர்த்து ஒரு டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்வைத்தியம்னு போட்டிருக்கே, அப்படி என்னதான் செஞ்சாங்க?

இதன் மூலவர் வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ். இன்று செக் நாட்டில் இருக்கும் கிரேஃபன்பெர்க் என்ற மலைக் கிராமத்து விவசாயி. மருத்துவப் படிப்பு ஏதும் இல்லாதவர். குளிர்ந்த நீரை மட்டும் வைத்து நோய் தீர்ப்பதாக ஐரோப்பா முழுவதும் பேர் பரவியது. அவரிடம் போய்ப் பார்த்துவந்த ஜேம்ஸ் வில்சனும், அவர் நண்பர் ஜேம்ஸ் கல்லியும் 1842-இல் மால்வர்னுக்கு வந்து கடை விரித்தார்கள். இருவரும் மருத்துவர்கள். பிறகு தனித்தனியே தொழில் நடத்தி, ஒருவரையொருவர் பிடிக்காமலும் போனார்கள்.

வைத்தியம் இப்படிப் போகும். விடியற்காலை ஐந்து மணிக்குப் பணியாள் வந்து எழுப்புவார். குளிர்ந்த நீரில் முக்கிப் பிழிந்த துணியை விரித்து, அதில் நோயாளியைப் படுக்க வைத்துக் கை கால் அசையாதபடி இறுகச் சுற்றுவார். அதன்மேல் கம்பளிகள், அதற்கும் மேல் ஒரு மெத்தை. முதலில் உடம்பு நடுங்கும், கொஞ்ச நேரத்தில் உள்ளே சூடேறித் தூக்கம் வரும். ஒரு மணி நேரம் கழித்து அவிழ்த்துவிட்டுத் தலையில் குளிர்ந்த நீர். பிறகு துவட்டித் தேய்த்து, உடுத்திக்கொண்டு, கையில் கோலுடன் மலையேறிப் புனித ஆன் ஊற்றுக்குப் போய்த் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் குடிக்க வேண்டும். எல்லாம் காலை உணவுக்கு முன்.

பகலில் இடுப்புக் குளியல், கால் குளியல். தைரியசாலிகளுக்கு உயரத்திலிருந்து தடித்த தாரையாக விழும் நீரின் கீழ் நிற்கும் குளியல். நடக்க முடியாதவர்கள் கழுதை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். இளவரசியாக இருந்த விக்டோரியா 1830-இல் இங்கே தங்கியபோது கழுதைமேல் ஏறிச் சுற்றியதை வைத்துக் கழுதைக்காரர்கள் நெடுங்காலம் வியாபாரம் செய்தார்கள்.

தண்ணியில ஒண்ணுமே இல்லேங்குறீங்க. அப்புறம் எப்படிக் குணமாச்சு?

வந்தவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் பணக்காரர்கள். இறைச்சியும் ஒயினும் அளவில்லாமல், நடை என்பதே இல்லாமல் இருந்தவர்கள். அன்றைய மருத்துவர்கள் அவர்களுக்குக் கொடுத்தது பாதரச மருந்தும் அபினும். கல்லி முதல் வேலையாக இவற்றை எல்லாம் நிறுத்தினார். மருந்து இல்லை, சாராயம் இல்லை, கொழுப்பான சாப்பாடு இல்லை. சீக்கிரம் தூக்கம், தினமும் மலை நடை, நிறையத் தண்ணீர், வேலைக் கவலையிலிருந்து விடுதலை. பலருக்கு இதுவே பெரிய மாற்றம். அந்த வேலைக்குச் சாதாரணத் தண்ணீரே போதும், பாதரசத்தை நிறுத்தியதுதான் பெரிய மருந்து என்பது என் கணிப்பு.

சார்லஸ் டார்வின் நல்ல உதாரணம். வருடக்கணக்கில் வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்தவர், 1849 மார்ச்சில் குடும்பத்தோடு வந்து வீடு எடுத்துத் தங்கி, ஜூன் இறுதி வரை கல்லியிடம் வைத்தியம் பார்த்தார். கல்லியின் ஹோமியோபதி நாட்டத்தையும், ஞானதிருஷ்டிக்காரப் பெண்ணிடம் தன்னை அனுப்பியதையும் அவர் நம்பவில்லை. ஆனால் உடம்பு தேறியது உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஊர் திரும்பியதும் தோட்டத்தில் தாரைக் குளியலுக்கு ஒரு கொட்டகையே கட்டிக்கொண்டார். நோய் முழுதாகப் போகவில்லை. பிறகும் பல ஆண்டுகள் வந்து வந்து போயிற்று.

டார்வின் மகளோட கல்லறை அங்க இருக்காமே? உண்மையா?

உண்மை. மேலே சொன்ன தேவாலயத்தின் முற்றத்தில் இருக்கிறது. மூத்த மகள் ஆனி. வீட்டில் எல்லாருக்கும் செல்லம். உடம்பு சுகமில்லாமல் இருந்தவளை, தனக்குப் பலித்தது அவளுக்கும் பலிக்கும் என்று 1851-இல் டார்வின் கல்லியிடம் கொண்டுவந்து சேர்த்தார். காய்ச்சல் கண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி இறந்துபோனாள். வயது பத்து. தாய் எம்மா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி, கென்ட்டில் இருந்த வீட்டை விட்டு வர முடியவில்லை. டார்வின் அடக்கத்துக்குக் கூட நிற்காமல் மனைவியிடம் திரும்பிவிட்டார்.

சின்னக் கல். பெயரும் பிறந்த தேதியும் இறந்த தேதியும், அன்பான நல்ல பிள்ளை என்று ஒரு வரியும். நீர்வைத்திய அறையைப் பார்த்து முடித்த கையோடு இங்கே வாருங்கள். டைபாய்டு சாயலுள்ள காய்ச்சல் என்று கல்லி சான்று எழுதினார். காசநோயாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் கருதுகிறார்கள். எதுவானாலும் ஈரத்துணி தீர்க்கக்கூடிய நோய் அல்ல அது. சோம்பலும் அதிகச் சாப்பாடும் படுக்க வைத்தவர்களை எழுப்பிவிட்ட முறை இங்கே கைவிட்டது.

அந்த டாக்டர் ஏதோ கொலை வழக்குல மாட்டினாராமே?

மாட்டினார் என்பதை விட, பேர் கெட்டது என்று சொல்வது சரி. கல்லி 1872-இல் மால்வர்னை விட்டுப் போனார். அதற்கு முன்பே, வைத்தியத்துக்கு வந்த ஃபிளாரன்ஸ் ரிக்கார்டோ என்ற இளம்பெண்ணோடு அவருக்கு உறவு ஏற்பட்டிருந்தது. அவருக்கோ அறுபது தாண்டியிருந்தது. அவள் பிறகு சார்லஸ் பிராவோ என்ற வழக்கறிஞரை மணந்துகொண்டாள். 1876-இல் பிராவோ ஆன்டிமனி விஷத்தால் இறந்தார். விசாரணையில் கல்லியும் கூண்டேறிப் பதில் சொல்ல வேண்டி வந்தது. கொலைதான், ஆனால் யாரென்று சொல்லச் சான்று போதாது என்று தீர்ப்பு. இன்று வரை புதிர்.

மால்வர்னின் நீர்வைத்தியம் இந்த வழக்கால் மட்டும் விழவில்லை. வில்சன் 1867-லேயே இறந்துவிட்டார். மருத்துவமும் வேறு திசையில் போய்விட்டது. காலியான ஓட்டல்களும் விடுதிகளும் பள்ளிக்கூடங்களாயின. ஸ்டேஷனை ஒட்டி நிற்கும் பெரிய செங்கல் கட்டடம் 1862-இல் இம்பீரியல் ஓட்டலாகக் கட்டியது, 1919 முதல் பெண்கள் பள்ளி.

நம்ம ஊர் இயற்கை வைத்தியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா? அங்கயும் ஈரத்துணி சுத்துவாங்களே.

ஊரிலிருந்து வரும் பெரியவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருந்ததில்லை. சம்பந்தம் உண்டு, ஆனால் மால்வர்ன் வழியாக நேரே அல்ல. பிரீஸ்னிட்ஸ் தொடங்கிய மரபிலிருந்து ஒரு கிளை இங்கே வந்தது. ஜெர்மனியில் வளர்ந்த கிளையில் கினைப், லூயி கூனே, அடால்ஃப் யூஸ்ட் ஆகியோர் வந்தார்கள். கூனேயின் இடுப்புக் குளியலையும் யூஸ்டின் மண்பட்டியையும் காந்தி பின்பற்றினார். இவை இந்தியாவில் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் இயற்கை மருத்துவமனைகளில் தொட்டியில் இடுப்பளவு நீரில் உட்கார வைப்பதும், வயிற்றில் ஈரமண் பட்டி போடுவதும் அங்கிருந்து வந்தவை.

1902 வாக்கில் பம்பாயில் காந்தியின் மகன் மணிலாலுக்கு டைபாய்டு. அவனுக்கும் வயது பத்து. டாக்டர் முட்டையும் கோழிச்சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தி மறுத்து, பிழிந்த ஈரத்துணியில் மகனைச் சுற்றிக் கம்பளி போர்த்திவிட்டு, மனம் தாங்காமல் வெளியே நடக்கப் போனதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மணிலால் பிழைத்தார். அதைப் படித்துவிட்டு யாரும் டைபாய்டுக்குப் போர்வை தேட வேண்டாம். ஆனியின் கதையை மேலே சொல்லியிருக்கிறேன்.

கணித மேதை ராமானுஜன் தங்கியிருந்தது இங்கதானே?

இல்லை, அது மேட்லாக். டெர்பிஷயர் மாவட்டம். இரண்டும் மலையோர நீர்வைத்திய ஊர்கள் என்பதால் குழப்பம் வருகிறது. மேட்லாக்கில் ஜான் ஸ்மெட்லி நடத்திய பெரிய நீர்வைத்திய இல்லம் இப்போது மாவட்ட நிர்வாக அலுவலகம். காசநோய் என்று கருதிய காலத்தில், 1917-18-இல், ராமானுஜன் மேட்லாக்கில் ஒரு சானடோரியத்தில் இருந்தார். குளிரும் சாப்பாடும் அவரை வாட்டின. அவருக்காகவே போக நினைக்கிறவர்கள் மேட்லாக்குக்கு டிக்கெட் எடுங்கள், மால்வர்னுக்கு வேண்டாம்.

சின்னப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாமோ? அலுப்படிக்காதோ?

ஆறு வயதுக்குக் கீழே என்றால் அரை மணிக்கு மேல் தாங்காது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ரேடார் கதையைச் சொல்லி அழைத்துப் போங்கள். 1942 மே மாதம், ஜெர்மானியர் தாக்கலாம் என்ற பயத்தில், தென்கடற்கரையில் இருந்த ரகசிய ரேடார் ஆய்வு நிலையத்தை அப்படியே தூக்கி மால்வர்ன் கல்லூரிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். போர் முடிந்த பிறகும் விஞ்ஞானிகள் ஊரை விட்டுப் போகவில்லை. விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி ஈ. ஏ. ஜான்சன் 1965-இல் எழுதியது மால்வர்ன் ரேடார் நிலையத்தில் இருந்துதான். கையில் போனோடு நிற்கும் பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நிமிர்ந்து பார்ப்பான்.

கார்ப் பைத்தியம் உள்ள பிள்ளைகளுக்கு மார்கன். 1909-இல் மூன்று சக்கர வண்டியில் தொடங்கிய குடும்பத் தொழில். உடற்பகுதியின் சட்டகத்துக்கு ஆஷ் மரம் பயன்படுத்தி இன்னும் கைவேலையாகவே கார் செய்கிறார்கள். தொழிற்சாலை ஊரின் மறுபக்கம் மால்வர்ன் லிங்க்கில், தனியே முன்பதிவு செய்து பார்க்கலாம். ஸ்டேஷன் தூண்களின் உச்சியில் வண்ணம் தீட்டிய இரும்பு இலைகளையும் காட்டுங்கள். தூணுக்குத் தூண் இலை வேறு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

ஊற்றுத் தண்ணி குடிக்கலாமா? ஒரு பாட்டில் ஊருக்குக் கொண்டு போகலாமா?

உள்ளூர்க்காரர்கள் கேன் கேனாகப் பிடித்துப் போவதைப் பார்ப்பீர்கள். ஆனால் இது குழாய்த் தண்ணீர் போலச் சுத்திகரித்து வருவதல்ல. மலையில் ஆடு மாடு மேய்கின்றன. ஊற்றருகே அறிவிப்புப் பலகை இருந்தால் படியுங்கள். குழந்தைகளுக்கும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கொதிக்க வைத்துக் கொடுங்கள். கனிமம் இல்லை என்பதும் கிருமி இல்லை என்பதும் ஒன்றல்ல.

பாட்டிலில் அடைத்த மால்வர்ன் நீருக்கு நீண்ட வரலாறு உண்டு. ஷ்வெப்ஸ் நிறுவனம் 1850-இல் ஹோலி வெல் ஊற்றில் தொடங்கியது. அடுத்த ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சியில் அதன் பானங்கள் விற்றன. இரண்டாம் எலிசபெத் வெளிநாடு போகும்போதும் இந்த நீரை எடுத்துப் போனார் என்பார்கள். பெரிய ஆலை 2010-இல் மூடியது. கொண்டு போவதென்றால் பயணப் பெட்டிக்குள் வையுங்கள், விமானத்தில் கைப்பையோடு விட மாட்டார்கள்.

மியூசியம் முதல்லயா, மலை முதல்லயா? சாப்பாட்டுக்கு என்ன வழி?

அருங்காட்சியகம் முதலில். அங்கே நீர்வைத்தியக்காரர்களின் நாளைப் படித்துவிட்டு அதே வழியில் நடப்பதில்தான் ருசி. பெல் வ்யூ டெரசிலிருந்து 99 படிகள், பிறகு வளைந்து ஏறும் பாதை, அரை மணியில் புனித ஆன் ஊற்று. பக்கத்திலேயே சைவ உணவுக்குப் பேர் போன சிறு கஃபே. தெம்பு இருந்தால் மேலே வூஸ்டர்ஷயர் பீக்கன் சிகரம் வரை போகலாம், 425 மீட்டர். மழைக்கு ஒரு ஜாக்கெட் அவசியம், கோடையிலும்.

அங்க இருக்கிற பெரியவங்ககிட்ட கேள்வி கேக்கலாமா? போட்டோ எடுக்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். பலரும் ஓய்வு பெற்றவர்கள், ஊரை நன்றாக அறிந்தவர்கள். இந்த ஊரில் ஓய்வு பெற்ற விஞ்ஞானிகளுக்கும் பஞ்சமில்லை. பெயர்ப்பலகையில் இருப்பதைக் கேட்பதைவிட, உங்கள் குடும்பம் இந்த ஊருக்கு எப்படி வந்தது என்று கேட்டால் நல்ல கதைகள் கிடைக்கும். போட்டோ எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு சின்ன மியூசியத்துக்காக லண்டன்ல இருந்து வரணுமா?

அருங்காட்சியகத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஐந்து மணி நேர ரயிலுக்கு ஒரு மணி நேரப் பார்வை கட்டுபடியாகாது. தேவாலயம், ஆனியின் கல், மலை எல்லாம் சேர்த்து முழு நாள் ஒதுக்க முடிந்தால் வாருங்கள். இசைப் பிரியர்கள் லிட்டில் மால்வர்னில் இசையமைப்பாளர் எல்கர் அடக்கமான புனித வுல்ஸ்டன் தேவாலயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குக் கார் வேண்டும். பர்மிங்ஹாமிலோ வூஸ்டரிலோ இருக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். அக்டோபர் முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை போய் வந்துவிடுங்கள்.